சுங்கம் தவிர்த்த துறை: துபாயின் மறு ஏற்றுமதி வாணிக வரலாறு

1. முன்னுரை

வாணிக வரலாற்றை ஆராயப் புகுவோர் ஒரு நாட்டில் விளையும் பொருளையே முதற்கண் நோக்குதல் வழக்கம். மிளகு விளையும் நாடு மிளகால் செழித்தது. பருத்தி விளையும் நாடு ஆடையால் செழித்தது என அவர் கூறுவர். இம்முறை பல நாடுகட்குப் பொருந்துவதே. எனினும், தன்பால் விளைவது யாதுமின்றி, ஒரு நாட்டார் பொருளை வாங்கி மற்றொரு நாட்டார்க்கு விற்றே வளர்ந்த துறைகளும் உலகில் உள. அவற்றின் வரலாறு விளைபொருளின் வரலாறு அன்று. வரியின் வரலாறு, நீராழத்தின் வரலாறு, அயலாரை ஏற்ற பண்பின் வரலாறு எனல் வேண்டும். பாரசீக வளைகுடாவின் தென்கரையில் அமைந்த துபாய் இவ்வகைத் துறைகளுள் ஒன்று.

துபாயின் செல்வம் எண்ணெயால் வந்தது என்பது பலர் கொண்ட கருத்து. நம் நாட்டிலும் வளைகுடா என்றவுடன் எண்ணெய்க் கிணறே பலர் நினைவிற்கு வருகின்றது. இக்கருத்து எவ்வளவிற்கு உண்மை? எண்ணெய் அன்று, வாணிகமே காரணம் எனின், அவ்வாணிகம் நற்பேற்றால் வாய்த்ததா, கொள்கையால் வளர்க்கப்பெற்றதா? கொள்கையால் எனின், அக்கொள்கை நிலைபேறு உடையதா? இம்மூன்று வினாக்களையும் காலமுறைப்படி ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கழியும் குடியேற்றமும்

துபாய் நகரின் நடுவே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடைய கடற்கழி ஒன்று உட்புகுந்து செல்கின்றது. அஃது ஆறு அன்று. நன்னீர் அதில் வருவதில்லை. கடல்நீரே நிலத்துள் புகுந்து நிற்பது. அதன் ஒருகரை தேரா எனவும் மறுகரை பர் துபாய் எனவும் வழங்கும். மழை அரிதாய், வேளாண்மைக்கு ஏலாததாய், மணல் பரந்து கிடக்கும் அந்நிலத்தில், மரக்கலங்கள் காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாது தங்குதற்குரிய இக்கழி ஒன்றே இயற்கை ஈந்த செல்வம் எனலாம்.

கி. பி. 1833-இல் பனி யாஸ் என்னும் குலத்தைச் சார்ந்த அல் பு ஃபலாசா கிளையினர் அபுதாபியை விட்டு நீங்கி இக்கழிக்கரையில் குடியேறினர். வந்தோர் ஏறத்தாழ எண்ணூற்றுவர் என்பர். அவர்தம் தலைவருள் ஒருவரான மக்தூம் பின் புத்தியின் வழியினரே அந்நாள் முதல் துபாயை ஆண்டு வருகின்றனர். இதற்கு முன்னரே, 1820-இல், கடற்கரைத் தலைவர்கள் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்திருந்தனர். 1853-இல் கடற்போரை என்றும் தவிர்ப்பதாக மற்றொரு உடன்படிக்கை ஏற்பட்டது. இவற்றால் இத்தலைவர்களின் உரிமை சுருங்கியது உண்மை. ஆயினும், முத்துக்குளிக்கும் பருவத்தில் கடல் அமைதியுற்றது என்பதும் உண்மையே. கடல் அமைதியன்றிச் சிறு துறை எதுவும் வளராது.

3. முத்தும் அரிசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துபாய் மக்களின் வாழ்வு முத்துக்குளிப்பையே பற்றி நின்றது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களை அறிந்த தமிழர்க்கு இத்தொழிலின் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அங்கே குளிப்பு, கோடை முழுதும், ஏறத்தாழ நான்கு திங்கள் இடையறாது நிகழும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைகுடா முழுவதிலும் ஏறத்தாழ 4,500 தோணிகளும் 74,000 ஆட்களும் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர் என்று, ஆங்கில இந்திய அரசிற்காக வளைகுடா நாட்டு விவரத் தொகுப்பு இயற்றிய லோரிமர் கணக்கிட்டுள்ளார்.

எடுத்த முத்துக்களிற் பெரும்பகுதி பம்பாய்க்குச் சென்றது. பம்பாயிலிருந்து அரிசியும் ஆடையும் மரமும் வந்தன. எனவே, துபாய் உண்ட சோறும் உடுத்த துணியும் முத்தை விற்றே பெறப்பட்டவை. இந்திய உரூபாயே அங்கு வழங்கிய நாணயம். இக்காரணத்தால் அத்துறையின் முதல் வாணிகத் தொடர்பு இந்தியாவுடனேயே உறுதிப்பட்டது. சிந்து, கச்சுப் பகுதிகளின் வணிகர் அக்கழிக்கரையில் கடைகள் அமைத்திருந்தனர்.

இத்தொழிலின் மறுபுறமும் ஈண்டு நினைத்தற்குரியது. தோணித் தலைவன் ‘நகுதா’ எனப்பட்டான். நம் கடற்கரை மரக்கல வணிகரும் அறிந்த சொல்லே இது. அவன் பருவத்திற்கு முன்னரே குளிப்போர்க்குப் பணம் முன்னீடாகக் கொடுப்பான். பருவத்தின் முடிவில் குளிப்போனுடைய பங்கு அம்முன்னீட்டிற்கே ஈடாகாத ஆண்டுகள் பல. கடன் நிலுவையிருக்கும் வரையில் அவன் வேறு நகுதாவிடம் செல்லவியலாது. நகுதாவும் தன் பங்கிற்கு வணிகனிடம் கடன்பட்டிருந்தான். ஆகவே முத்தின் ஒளிக்கு அடியில் கடன் என்னும் நீண்ட சங்கிலி கிடந்தது. இச்சங்கிலியை மறவாதிருத்தல், பின்வரும் காலத்தை அறிதற்கும் துணையாகும்.

4. லிங்காவின் இழப்பும் துபாயின் ஏற்பும்

அக்காலத்தில் கீழ்வளைகுடாவின் தலைசிறந்த பண்டமாற்றுத் துறை துபாய் அன்று; எதிர்க்கரையில், பாரசீக நாட்டில், அமைந்த லிங்காவே ஆகும். இந்தியப் பொருள்கள் அங்கு இறங்கி, பின்னர்ச் சிறு மரக்கலங்களில் அரபுக் கரைக்குச் சென்றன. 1887-இல் பாரசீக அரசு லிங்காவைத் தன் நேராட்சியின்கீழ்க் கொணர்ந்தது. நூற்றாண்டின் இறுதியில் அவ்வரசு தன் சுங்கத்துறையைப் பெல்ஜிய நாட்டு அலுவலரிடம் ஒப்படைத்தது. அவர்கள் தண்டல் முறையை இறுக்கினர், தீர்வை உயர்ந்தது, லிங்கா வணிகர் இடர்ப்பட்டனர்.

இந்நிலையில், 1894 முதல் 1906 வரை துபாயை ஆண்ட மக்தூம் பின் ஹஷர், தம் துறையில் இறக்குமதித் தீர்வையை நீக்கினார். வணிகர்க்குக் கழிக்கரையில் குடியிருக்க நிலமும் அளித்தார். தமிழ்நாட்டு வரலாற்றில் முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் போற்றப்பெற்றமை கற்றோர் அறிந்தது. அப்பேரரசன் எய்திய புகழ் குடிகளின் நன்றியால் வந்தது. மக்தூம் எய்திய பயனோ எதிர்க்கரையினின்றும் வணிகர் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்து வந்தமையாகும். தண்டாது விட்ட வரி பெருவருவாயாகத் திரும்பியது என்க.

1903-ஐ ஒட்டிப் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கலங்கள் துபாயில் ஒழுங்காக நிற்கத் தொடங்கின. முன்பு லிங்காவின் வழியாக வந்த சரக்கு இப்பொழுது பம்பாயிலிருந்து நேரே வந்தது. பாரசீகத்தின் பஸ்தக் என்னும் ஊர்ப்பகுதியிலிருந்து வந்தோர் எழுப்பிய மனைத்தொகுதி ‘பஸ்தக்கியா’ எனப் பெயர் பெற்றது. கடற்காற்றை வாங்கி உள்ளறைக்கு அனுப்பும் காற்றுக் கோபுரங்களோடு கூடிய அவ்வீடுகளிற் சில இன்றும் பேணப்படுகின்றன. அவை வெறும் கட்டடங்கள் அல்ல. ஒரு துறையின் வரிக்கொள்கை மற்றொரு துறையின் மக்களை எவ்வாறு இடம்பெயர்க்கும் என்பதற்குக் கண்கூடான சான்றுகள்.

5. முத்தின் வீழ்ச்சியும் கழியின் ஆழமும்

1929-இல் தோன்றிய உலகப் பொருளாதார வீழ்ச்சி, முத்து வாங்குவோரைக் குறைத்தது. அதே காலத்தில் சப்பானிய நாட்டு மிக்கிமோட்டோவின் முயற்சியால் வளர்ப்பு முத்துக்கள் சந்தையில் பெருகின. இவ்விரண்டு அடிகளையும் ஒருங்கே தாங்கவியலாது முத்துத்தொழில் சில ஆண்டுகளில் சிதைந்தது. வணிகர் நொடித்தனர், குளிப்போர் பசித்தனர். 1938-இல் வணிகரும் ஆளுங்குடும்பத்தாருள் ஒரு சாராரும் ஒன்றுகூடி, சுங்க வருவாய் ஓர் அவையின் மேற்பார்வையில் செலவிடப்பெறல் வேண்டும் என்று கோரினர். அவ்வாறே அவை அமைந்தது, பள்ளிகளும் தொடங்கப்பெற்றன. 1939 மார்ச்சுத் திங்களில் அவ்வவை கலைக்கப்பட்டது. இம்முயற்சி நீடிக்கவில்லை எனினும், சுங்கம் எவர்க்குரியது, எதன் பொருட்டுச் செலவாகத்தக்கது என்ற வினாவை அத்துறையின் மக்களே எழுப்பினர் என்பது வரலாற்றில் பதிந்து நிற்கின்றது.

இரண்டாம் உலகப்போரின்பின் மீண்டும் வாணிகம் தளிர்த்தது. 1946-இல் துபாயில் முதல் வங்கி திறக்கப்பெற்றது. ஆனால் கழியின் வாயில் மணற்றிட்டுக்கள் பெருகின. பெருங்கலங்கள் கடலிலேயே நிற்க, சிறு படகுகளில் சரக்கை இறக்க வேண்டியதாயிற்று. அண்டையிலுள்ள ஷார்ஜாவின் கழியோ மணலால் தூர்ந்து பயனிழந்து வந்தது. 1932 முதலே வானூர்தி நிலையம் பெற்றிருந்தும், ஆங்கில அரசியல் அலுவலரின் இருக்கையாகச் சில காலம் விளங்கியும், ஷார்ஜா கடல்வாணிகத்தில் பின்னடைந்தமைக்கு இத்தூர்வும் ஒரு பெருங்காரணம்.

1958-இல் ஆட்சிக்கு வந்த ரஷீத் பின் சயீத், கழியைத் தூர்வாரி ஆழப்படுத்தத் துணிந்தார். கருவூலத்தில் அதற்குப் பணமில்லை. குவைத்திடம் கடன் பெற்றும், வணிகரிடம் கடன் பத்திரங்கள் விற்றும் பொருள் திரட்டப்பெற்றது. 1959-இல் தொடங்கிய பணி 1961-இல் முற்றுப்பெற்றது. 1960-இல் வானூர்தி நிலையம் திறக்கப்பெற்றது. 1963-இல் கழியின் இருகரையையும் இணைக்கும் மக்தூம் பாலம் எழுந்தது.

இனி, அவ்வாண்டுகளில் கழியின் வழியே சென்ற சரக்குகளுள் தங்கம் முதன்மையானது. இந்தியாவில் தங்க இறக்குமதி விடுதலைக்குப் பின்னர்த் தடுக்கப்பட்டிருந்தது. 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இயற்றப்பெற்றது. ஐரோப்பியச் சந்தைகளில் வாங்கப்பட்ட தங்கம் துபாய்க்கு வருதல் அங்குள்ள சட்டப்படி குற்றமன்று. அது மரக்கலங்களில் ஏறி இந்தியக் கரையில் மறைவாக இறங்குதல் இந்தியச் சட்டப்படி குற்றம். இவ்வாறு ஒரே பொருள் ஒரு கரையில் வாணிகமாகவும் மறுகரையில் கள்ளக் கடத்தலாகவும் விளங்கியது. உரூபாய் இவ்வழியாகப் பெருமளவில் வெளியேறுதலைத் தடுக்கவே, 1959-இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவில் மட்டும் செல்லத்தக்க தனி உரூபாய்த் தாள்களை வெளியிட்டது. 1966 சூன் திங்களில் உரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது துபாய் அந்நாணயத்தைக் கைவிட்டது. 1973 முதல் திர்ஹம் வழங்குகின்றது. லிங்காவில் உயர்ந்த தீர்வை துபாய்க்கு வணிகரை அனுப்பியது போலவே, இந்தியாவில் இருந்த தடை அதற்கு ஊதியத்தை அனுப்பியது எனல் தகும்.

6. எண்ணெய்க் கருத்தின் ஆராய்ச்சி

துபாயின் கடற்பகுதியில் ஃபதே என்னும் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது 1966-இல். முதல் ஏற்றுமதி நிகழ்ந்தது 1969-இல். கழியின் தூர்வை, வானூர்தி நிலையம், பாலம் ஆகிய மூன்றும் அதற்கு முன்னரே முடிந்தவை என்பதைக் காலமுறை தெளிவாகக் காட்டுகின்றது. எனவே, எண்ணெய் துபாயின் வாணிகத்தைத் தோற்றுவித்தது என்னும் கூற்றுப் பொருந்தாது.

ஆயின், எண்ணெய்க்கு இவ்வரலாற்றில் இடமே இல்லை எனக் கூறுதலும் மிகை. 1972-இல் திறக்கப்பெற்ற ரஷீத் துறைமுகம் முதலில் நான்கு தளங்களோடு திட்டமிடப்பட்டுப் பின்னர்ப் பதினாறாக விரிக்கப்பெற்றது. 1979-இல் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் ஜெபல் அலித் துறைமுகம் 66-க்கு மேற்பட்ட தளங்களோடு பாலைநிலத்தை அகழ்ந்து அமைக்கப்பெற்றது. இத்துணைப் பெரும்பணிகட்கு எண்ணெய் வருவாயும், அவ்வருவாயை நம்பி அயலார் அளித்த கடனும் இன்றியமையாதவையாய் இருந்தன. துபாயின் எண்ணெய் உற்பத்தி 1991-ஐ ஒட்டி உச்சநிலையை எய்திப் பின்னர்த் தாழ்ந்தது. எண்ணெய் தாழ்ந்த பின்னரும் துறைமுகங்கள் தாழவில்லை. ஆதலின், எண்ணெய் துபாய்க்கு வேர் அன்று. சில காலம் பெய்த மழை என்பதே பொருத்தமாகும்.

7. தனி மண்டலமும் சரக்குப் போக்குவரவும்

ஜெபல் அலி அமைக்கப்பெற்றபோது அதன் அளவு தேவைக்கு மிக்கது என்று கருதியோர் பலர். 1985-இல் துறைமுகத்தை ஒட்டித் தீர்வையற்ற தனி மண்டலம் ஒன்று நிறுவப்பெற்றது. அதன் விதிகள் மூன்று கூறுகளை உடையன. நாட்டின் பிற பகுதிகளில் உள்நாட்டவர் ஒருவரைப் பெரும்பங்காளராகக் கொள்ளுதல் கட்டாயமாயிருந்த அக்காலத்தில், இம்மண்டலத்தில் அயல்நாட்டார் முழு உரிமையோடு நிறுவனம் நடத்தலாம். ஊதியத்தைத் தம் நாட்டிற்குத் தடையின்றி அனுப்பலாம். சரக்கு மண்டலத்துள் இருக்கும் வரையில் அதற்குத் தீர்வை இல்லை.

மூன்றாம் கூறே மறு ஏற்றுமதி வாணிகத்தின் உயிர்நாடி. ஒரு வணிகன் கீழை நாடுகளில் ஆயிரம் பெட்டகம் பொருளை மொத்தமாக வாங்குகின்றான் எனக் கொள்வோம். அவற்றை ஈரான், ஈராக்கு, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் எவர், எப்பொழுது, எவ்வளவு வாங்குவர் என்பது அவனுக்கு முன்னரே தெரியாது. வந்திறங்கும்போதே தீர்வை செலுத்த வேண்டுமாயின் அவன் முதல் முடங்கும். தீர்வையின்றிப் பண்டகசாலையில் வைத்துப் பிரித்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, கேட்போர்க்குக் கேட்ட அளவு அனுப்ப இயலுமாயின், ஐயப்பாடே ஊதியமாக மாறும். பெருங்கலம் ஜெபல் அலியில் இறக்கிய பெட்டகங்களைச் சிறுகலங்கள் வளைகுடாவின் ஆழமற்ற துறைகட்கு எடுத்துச் செல்லும். விரைவு வேண்டும் சரக்கு, கீழ்த்திசையிலிருந்து கப்பலில் வந்து துபாயில் வானூர்தி ஏறி ஐரோப்பா செல்லும். முழுதும் கடல்வழிச் செல்வதினும் இது விரைவானது. முழுதும் வான்வழிச் செல்வதினும் செலவு குறைந்தது. 1985-இல் எமிரேட்சு வானூர்தி நிறுவனம் தோன்றியதும், 2010-இல் ஜெபல் அலியை அடுத்து மற்றொரு வானூர்தி நிலையம் சரக்கிற்கெனத் திறக்கப்பெற்றதும் இம்முறையை வலுப்படுத்தின.

2023-இல் ஜெபல் அலி ஏறத்தாழ 1 கோடியே 45 இலட்சம் இருபதடிப் பெட்டக அளவுள்ள சரக்கைக் கையாண்டது. பழைய மரக்கலங்களும் மறையவில்லை. பெருங்கலங்கள் செல்லாத சிறு துறைகட்குரிய சரக்கு அவற்றிலேயே சென்று வந்தது.

8. நற்பேறா, கொள்கையா?

லிங்காவின் தீர்வை, ஷார்ஜாக் கழியின் தூர்வு, இந்தியத் தங்கத் தடை, 1980 முதல் 1988 வரை நிகழ்ந்த ஈரான் - ஈராக்குப் போர் ஆகிய யாவும் துபாயின் செயல்கள் அல்ல. பிறர்க்கு நேர்ந்த இடர்கள். எனவே, துபாயின் வளர்ச்சி பிறர் இழப்பால் வந்த நற்பேறே என்பார் உளர்.

இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. ஆயின், இவ்வாய்ப்புக்கள் அக்கரையிலுள்ள எல்லாத் துறைகட்கும் ஒப்பவே வந்தன. லிங்காவை விட்டு நீங்கியோர்க்கு ஷார்ஜாவும் அஜ்மானும் தொலைவில் இல்லை. வாய்ப்பு வந்தபோது தீர்வையை நீக்கியும், நிலம் அளித்தும், கழியை ஆழப்படுத்தியும் ஆயத்தமாக இருந்த துறை ஒன்றே அதனைப் பற்றியது. தேவை தோன்றுமுன் துறைமுகத்தை அமைத்தலே அதன் ஆட்சியாளர் யாண்டும் கைக்கொண்ட முறை. காற்று எல்லார்க்கும் வீசும். பாய் விரித்தவன் கலமே செல்லும். ஆதலின், நற்பேறு வாய்ப்பைத் தந்தது, கொள்கை அதனைப் பயனாக்கியது என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

9. கடனும் உழைப்பும்

இவ்வளர்ச்சியின் விலையையும் கூறாது விடுதல் வரலாற்றிற்கு அழகன்று. கடன் பெற்றுக் கழியை அகழ்ந்த முறை பிற்காலத்தில் அளவிறந்து பெருகியது. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்டு என்னும் அரசு நிறுவனம் தன் கடனைத் திருப்பித் தரத் தவணை நீட்டிப்பு வேண்டியது. அடுத்த திங்களில் அபுதாபி ஆயிரங்கோடி அமெரிக்க டாலர் அளித்துத் தாங்கிற்று. தேவைக்கு முன் கட்டுதல் துறைமுகத்திற் பயன் தந்தது. மாளிகைகளிலும் மனைகளிலும் அதுவே இடராயிற்று.

உழைப்பின் விலை அதனினும் கருதத்தக்கது. 2023-இல் துபாயின் மக்கள்தொகை 36 இலட்சத்திற்கு மேற்பட்டது. அவருள் பத்தில் ஒன்பது பங்கினர் அயல்நாட்டவர். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்றோர் பலர் துறைமுகங்களையும் பண்டகசாலைகளையும் தம் கையால் எழுப்பினர். அவருள் எத்துணையோ பேர் ஊரில் நிலத்தையும் நகையையும் அடகு வைத்து முகவருக்குப் பணம் கொடுத்துச் சென்றவர். முதல் ஆண்டுகளின் கூலி அக்கடனுக்கே போயிற்று. வேலையளிப்போன் ஒப்புதலின்றி வேறிடம் செல்லவியலாத முறையும் நெடுங்காலம் நிலவியது. அதனைத் தளர்த்தும் சட்டங்கள் பின்னரே வந்தன. முத்துக்குளிப்போனையும் நகுதாவையும் பிணித்த பழைய கடன் சங்கிலியை இதனோடு ஒப்புநோக்குவார்க்கு, சரக்கு மாறியதேயன்றிச் சங்கிலி முற்றும் அறவில்லை என்பது புலனாகும்.

10. முடிவுரை

இனி எஞ்சிய வினா, இக்கொள்கையின் நிலைபேறு பற்றியது. 2003-இல் வளைகுடா நாடுகள் தமக்குள் சுங்க ஒன்றியம் அமைத்துப் பொதுத் தீர்வை 5 விழுக்காடு என வகுத்தன. 2018-இல் துபாயை உள்ளிட்ட ஐக்கிய அரபு அமீரகத்தில் மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடு வந்தது. 2021-இல் தனி மண்டலங்கட்கு வெளியிலும் பெரும்பாலான தொழில்களில் அயல்நாட்டார் முழு உரிமை பெறச் சட்டம் இடந்தந்தது. 2022 மே முதல் நாள் இந்தியாவுடன் செய்த பொருளாதார உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, பல பொருள்களின் தீர்வை குறைந்தது. இந்திய வணிகர்க்கு இது பெருவாய்ப்பு. 2023 சூனில் நிறுவன வருவாய்க்கு 9 விழுக்காடு வரி தொடங்கிற்று. வரியின்மையால் வளர்ந்த துறை சிறிது சிறிதாக வரியை ஏற்று வருவதை இவை காட்டும்.

அயலிலும் மாற்றம் நேர்ந்துளது. 2021-இல் சவுதி அரேபியா, தனி மண்டலங்களில் உருவான பொருள்கட்குத் தீர்வைச் சலுகை இல்லை என விதித்தது. 2024 முதல் தன் அரசு ஒப்பந்தங்களை நாடும் அயல்நாட்டு நிறுவனங்கள் வட்டாரத் தலைமையகத்தைத் தன் நாட்டிலேயே அமைத்தல் வேண்டும் எனவும் வற்புறுத்தியது. ஜெபல் அலி, 40 கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமுடைய ஓர்முசு நீரிணைக்கு உட்புறம் இருத்தலும் மறக்கற்பாலதன்று. அந்நீரிணையில் இடர் நேரின் அதன் ஆழமும் தளங்களும் பயன்படா.

ஒரு நூற்றாண்டிற்கு முன் லிங்காவின் வணிகர் தம் பேரேடுகளைச் சுருட்டிக்கொண்டு கடல் கடந்தனர். அவரை ஈர்த்த துறை, தன் வணிகரும் அவ்வாறே எழுந்து செல்லவல்லர் என்பதை அறிந்தே ஒவ்வொரு வரியையும் விதிக்க வேண்டியுள்ளது. விளைபொருளுடைய நாட்டை வணிகன் நீங்கினும் விளைபொருள் நீங்காது. விளைபொருளற்ற துறைக்கோ வணிகனே விளைபொருள். அவன் கலம் நிற்கும் ஆழமும், அவன் சரக்கிற்கு ஏற்ற எளிய விதியும், அச்சரக்கைச் சுமக்கும் தொழிலாளிக்கு உரிய நீதியும் ஒருங்கு அமையும் வரையிலேயே அத்துறை வாழும். துபாயின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.